ஆழம் பார்க்கிறவள்

தோர்கெல்லின் ஜீப் என்றுதான் ஊரே சொல்லும். ஹெர்டிஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது குளிர்காலம் வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர்கள் இரண்டு பேர். முழங்கையில் வெல்டிங் தழும்பும் இரண்டு பேருக்கும் உண்டு. ஆனாலும் ஒரு ஜீப்புக்கு ஒரு பெயர்தான் ஒட்டும், அது ஆண்பிள்ளைப் பெயராகத்தான் இருக்கும். ஐஸ்லாந்தில் ஒரு பெண்ணை ஜனாதிபதியாகக்கூட உட்கார வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஜீப் சாவியைக் கையில் கொடுப்பது வேறு விஷயம்.

வாங்கும்போது அது வண்டியே இல்லை. மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றில் ஆட்டுக்குட்டிகள் ஒண்டும் இடமாக நின்றிருந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அடிச்சட்டத்தைத் தின்று தீர்த்திருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. துருவை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். இடுப்பளவு டயர் நுழைவதற்காக மட்கார்டு வளைவுகளை அறுத்து அகலமாக்கினார்கள். இஞ்சின் மூச்சு வாங்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார்கள். வயரிங் முழுக்க ஹெர்டிஸ் போட்டது. சக்கர அச்சுப் பெட்டிகளுக்கு மூச்சுக்குழாய் நீட்டியதும் அவள்தான். ஓடிச் சூடான அச்சு பனித்தண்ணீரில் இறங்கியதும் மூச்சை உள்ளே இழுக்கும். குழாயின் வாய் கீழேயே இருந்தால் காற்றுக்குப் பதில் ஆற்றைக் குடிக்கும். முன்பு வைத்திருந்த ஜீப்பில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அச்சு ஆயிலைத் திறந்து பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்று ராத்திரியே கழுவி மாற்ற வேண்டும். கழுவுவதும் அவள்தான். தோர்கெல் அந்த நேரத்தில் சிநேகிதர்களுக்கு போன் போட்டு, எந்த ஆற்றை எப்படித் தாண்டினோம் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

மலைக்கு உள்ளே போகிற பாதைகளில் பாலம் கிடையாது. ஆறு குறுக்கே வரும், இறங்கித்தான் போக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அது சாலை விதி. வண்டியை விடுவதற்கு முன்னால் ஒரு ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும். கையில் நீளமாக ஒரு கழி, காலில் பழைய ஷூ, அவ்வளவுதான். அக்கரை வரை நடந்து போய்த் திரும்பி வந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. ஆள் நடக்க முடியாத ஆற்றில் வண்டியை விடுகிறவன் ஒன்று வெளிநாட்டுக்காரனாக இருக்க வேண்டும், அல்லது குடித்திருக்க வேண்டும்.

கல்யாணமான இருபத்தாறு வருஷமும் இறங்கியது ஹெர்டிஸ். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குக் கால் விறைத்துப் போனால் கிளட்சை எப்படி மிதிப்பான் என்று முதல் வருஷமே தோர்கெல் ஒரு நியாயம் சொல்லி வைத்தான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவள் இறங்குவாள், கழியை ஊன்றி ஊன்றி அக்கரை போவாள், திரும்பி வருவாள், இந்தக் கல்லுக்கு இடப்பக்கம், அப்புறம் நேராக என்று சொல்வாள். சில நாள் திரும்ப வராமல் அக்கரையிலேயே நின்று கையை அசைப்பாள். அவன் காய்ந்த காலோடு ஓட்டி வருவான். தொடைவரை உணர்ச்சி போய் அவள் வண்டியில் ஏறும்போது ஹீட்டரை ஒரு திருகு கூட்டி வைப்பான். அதுதான் அவன் நன்றி. அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவள் அளவில். அவன் அளவிலும் ஒன்று எடுக்க வேண்டும் என்று கடைக்காரனுக்குக்கூடத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் ஹெர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எதிரே கம்பம் தெரியாத பனிப்புயலில், ஒரு நாள்கூடப் பள்ளத்தில் இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள். ஜீப்பை மட்டும் அவள் தொட்டால் கியர் தேய்ந்துவிடுமாம்.

ஜீப் முடிகிற கட்டத்தில் தோர்கெல்லுக்குக் கண் போயிற்று. முழுக்கப் போகவில்லை. பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்தது. பார்க்கிற பொருள் மறையும், சுற்றியிருப்பது தெரியும். பேசுகிறவர் முகம் தெரியாது, காது தெரியும். தலைநகரத்து டாக்டர் இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தவன், மீனைத் தொடாமலே சொன்னான்.

"ஜீப்ப யாருக்காவது குடுத்துரலாம்."

"எதுக்குக் குடுக்கணும்? நான் ஓட்டறேன்."

"நீயா?"

"ஏன், பஸ்ஸ என்ன பேயா ஓட்டுது?"

"பஸ் வேற, இது வேற ஹெர்டிஸ். பஸ்ஸு ரோட்டுல போகும். இது ஆத்துல எறங்கணும்."

"ஆத்துல உன்னவிட நான்தான் அதிகமா எறங்கிருக்கேன்."

தோர்கெல் தட்டை அருகே இழுத்துக்கொண்டான். மீனைச் சாப்பிட ஆரம்பித்தான். சம்மதம் என்று அவன் வாயால் கடைசிவரை சொல்லவில்லை. விற்கிற பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

அந்தக் கடைசிக் குளிர்காலத்தை ஹெர்டிஸால் மறக்க முடியாது. அவன் கை, அவள் கண். போல்ட் மரை தேய்ந்திருக்கிறதா என்று அவன் விரலால் தடவுவான். வெல்டிங்கில் பொத்தல் இருக்கிறதா என்று அவள் விளக்கை வைத்துப் பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னதை அவன் நம்ப வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல்தான் என்றாலும் நம்பினான். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குள்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை வெளியே சொன்னால், கட்டியவன் கண் போனதில் இவளுக்குக் கொண்டாட்டம் என்று சொல்வார்கள். அதனால் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜீப்புக்குள் காய்ந்த காலோடு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். தோர்கெல் இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, "வா, போகலாம்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. அவள் இறங்கிப் பார்த்துவிட்டு அவளே ஓட்டலாம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் வயதில் பாதியை ஒருவனுக்காகப் பனித்தண்ணீரில் நின்று கழித்தவளுக்கு, தனக்காக ஒரு தடவை யாராவது நிற்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? இருந்தது. அந்த ஆகஸ்ட் பயணத்துக்கு அவள் கிளம்பியதே அதற்காகத்தான்.

பனிமலையிலிருந்து வரும் ஆற்றைக் காலையில் தாண்ட வேண்டும். வெயில் ஏறினால் பனி உருகும், மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோர்கெல்லுக்கும் தெரியும். ஆனால் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றான். சனிக்கிழமை காலையில் மலைக்குப் போகிற ஜீப்காரர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். ஆளுக்கொரு ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்தவன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக் குறை சொல்வார்கள். அன்று குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கூட்டமே ஜீப்புக்கு அடியில் தலையை விட்டது.

"வெல்டிங்கப் பாருடா. கண்ணு போயும் மனுசன் கைய விடல."

"மூச்சுக்குழா எவ்ளோ நேக்கா எடுத்துட்டுப் போயிருக்காரு பாரு."

அந்தக் குழாயைக் கொண்டுபோனவள் இரண்டடி தள்ளி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். தோர்கெல் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சரி, யாரு ஓட்டறது?" என்று ஒருவன் கேட்டான்.

"சம்பளமில்லாம ஒரு டிரைவர் கெடச்சிருக்கு," என்றான் தோர்கெல். எல்லோரும் சிரித்தார்கள். "கண்ணு போனா என்னடா? ஆத்தக் கண்ணாலயா பாக்கறது? அந்தத் தண்ணிக்குள்ள கண்ணிருக்கறவனுக்கு மட்டும் என்ன தெரியுது? கால்ல பாக்கணும். காதுல கேக்கணும்."

"தோர்கெல், தண்ணி ஏறிடும். கெளம்பு," என்றாள் ஹெர்டிஸ்.

"ஆறு எங்க ஓடிப்போகுது? இரு."

இன்னொரு காபி ஆயிற்று. இன்னொரு கூட்டம் வந்து குனிந்து பார்த்தது. அவர்கள் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

மண்சாலை முடிகிற இடத்தில் டயர்க்காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு ஜீப் கல்லிலும் எரிமலைச் சாம்பல் மணலிலும் பூனை மாதிரி நடந்தது. தாழ்ந்த கியரில் ஒரு செங்குத்தான மேட்டை அவள் ஏற்றியபோது இஞ்சின் கொஞ்சம்கூட முனகவில்லை. தோர்கெல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் காதால் துழாவினான்.

"மூணாவதுக்குப் போ."

"போயாச்சு."

"கிளட்ச அரைச்சு விடாத."

"அரைக்கல தோர்கெல்."

கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே, "நல்லாத்தான் ஓட்டற," என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் இன்னும் ஒன்பது குளிர்காலம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்திருப்பாள். அப்படிப்பட்ட மனசு அது. கொடுத்து வைக்காத மனசு.

ஸ்திக்லா ஆறு இரண்டு கிளையாக ஓடும். நடுவில் ஒரு சரளைக்கல் மேடு. இக்கரையிலிருந்து பார்த்தால் முதல் கிளை முழுக்கத் தெரியும். இரண்டாவது கிளை மேட்டுக்குப் பின்னால் தாழ்வில் இருப்பதால் தெரியாது, இரைச்சல்தான் கேட்கும். தண்ணீர் சாம்பலைக் கரைத்துவிட்ட மாதிரி ஓடியது. ஒரு விரற்கடை ஆழம் என்றாலும் ஒரு ஆள் ஆழம் என்றாலும் மேலே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஹெர்டிஸ் இஞ்சினை அணைக்கவில்லை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இன்னிக்கு நீ எறங்கு," என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தோளைப் பார்த்தான். "நானா?"

"ஆறு கால்ல தெரியும், காதுல தெரியும்னு காலையில சொன்னியே. ஓரத்துல பார்வ நல்லாத்தான இருக்கு. கழி இருக்கு. நான் இங்கயே பாத்துட்டு இருக்கேன்."

"உன் ரப்பர் கால்சட்டைய எடு," என்றான் அவன்.

அது அவன் தொடைக்கு மேல் ஏறவில்லை. முக்கி முனகிப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தான். கடைசியில் உள்ளே போட்டிருந்த கம்பளிக் கால்சராயோடும் ஷூவோடும் இறங்கினான். முதல் அடியிலேயே அவன் முதுகு வில்லாக வளைந்ததை ஹெர்டிஸ் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடவே, தெரியட்டும் என்றும் இருந்தது. இரண்டுமே உண்மை.

நன்றாகத்தான் நடந்தான். கழியை நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக ஊன்றி, பக்கவாட்டில் கால் வைத்து, தண்ணீருக்கு முதுகு காட்டாமல் போனான். முதல் கிளையைத் தாண்டிச் சரளை மேட்டில் ஏறினான். மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் இறங்கியபோது இடுப்பு மறைந்தது, பிறகு தோள் மறைந்தது. தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அதற்குள் தலை மேலே வந்தது. அவன் கையை உயர்த்தி அசைத்தான்.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது.

திரும்பி வந்து ஏறியவனுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கம்பளி முழங்கால் வரை நனைந்திருந்தது, அதற்கு மேல் காய்ந்திருந்தது. அவள் போர்வையைச் சுற்றி, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கையில் கொடுத்து, ஹீட்டரை முழுக்கத் திருகினாள்.

"எப்படி இருக்கு?"

"முட்டி அளவு. ரெண்டும் ஒரே மாதிரிதான். மேட்டத் தாண்டினதும் நேரா விடு."

"அக்கர வரைக்கும் போனியா?"

"அதான் சொல்றேன்ல."

அவள் இருபத்தாறு வருஷம் சொன்னதை அவன் நம்பி ஓட்டினான். அன்று அவன் சொன்னதை அவள் நம்பி ஓட்டினாள்.

முதல் கிளையில் ஜீப் படகு மாதிரி நகர்ந்தது. முன்னால் எழுந்த அலையை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு, வேகம் கூட்டாமல் குறைக்காமல் போனாள். இவ்வளவு நாள் வெளியே நின்று எட்டிப் பார்த்ததை இப்போது உள்ளிருந்து பார்த்தாள். எவ்வளவு சுகமாக இருக்கிறது இது, இதையா இத்தனை வருஷம் இவன் தனியாக வைத்திருந்தான் என்று நினைத்தாள். மேட்டில் ஏறி, தாண்டி, நேராக விட்டாள்.

ஜீப்பின் மூக்கு கீழே போயிற்று. பானட்டின் மேல் தண்ணீர் ஏறிக் கண்ணாடிக்கு வந்தது. பின்னுக்கு எடுக்க கியரை மாற்றுவதற்குள் அந்தப் பெரிய டயர்கள் மிதந்துவிட்டன. பக்கவாட்டில் அடித்த வேகம் வண்டியைத் திருப்பி ஒரு குழிக்குள் சாய்த்தது. கூரையோடு நின்ற இஞ்சின் மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் போயிற்று. இஞ்சின் ஒரு வாய் ஆற்றைக் குடித்தது. உள்ளே இரும்பு வளைகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

வண்டிக்குள் ஏறிய இடுப்பளவு தண்ணீரில் அவனைப் பிடித்து இழுத்து, மேலே இருந்த ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏற்றியவள் அவள்தான். தலையிலிருந்து கால்வரை இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். கையோடு எடுத்த வாக்கிடாக்கியில், பயணிகள் தங்கும் மலைக்குடிலைக் கூப்பிட்டாள். மீட்புக்குழு பக்கத்தில்தான் இருக்கிறது, வருகிறார்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கெளைக்கு வந்தியா நீ?"

அவன் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"தோர்கெல், வந்தியா?"

"ஓரமா நின்னு கேட்டேன். சத்தம் முன்னாடி இருந்த மாதிரியேதான் இருந்துச்சு. நாப்பது வருசமா கேக்கற சத்தம் ஹெர்டிஸ்."

"கால விட்டியா, விடலயா?"

"கால் மரத்துப் போச்சு. உனக்கு என்ன, நீ பழகினவ. எனக்கு அந்தக் குளுரு தாங்கல."

அவனை ஆற்றில் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. தள்ளவில்லை. வழுக்கி விழாமல் இருக்க அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்தாள். விரல் மடங்காத குளிரிலும் விடவில்லை.

மீட்புக்குழுவின் பெரிய வண்டி அக்கரையில் வந்து நின்றது. தலைவன் பார்தூர் ஊர்க்காரன். தச்சன். தோர்கெல்லின் கண் நன்றாக இருந்த காலத்தில் அவனோடு இதே குழுவில் பனிமலை ஏறியவன். கயிறு வீசி இரண்டு பேரையும் கரை சேர்த்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் ஜீப்பை விடிந்ததும்தான் எடுக்க முடியும் என்றான். குடிலுக்குக் கூட்டிப்போய்க் காய்ந்த துணியும் ஆட்டுக்கறி சூப்பும் கொடுத்தார்கள். குழுவின் ஆட்கள் நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். தோர்கெல்லுக்குத் தெரியாத முகங்கள், அவ்வளவுதான்.

"யாரு எறங்கிப் பாத்தது?" என்று கேட்டான் பார்தூர். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆற்றில் வண்டி போனால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"ஹெர்டிஸ்," என்றான் தோர்கெல், அவள் கரண்டியைக் கீழே வைப்பதற்குள். "எப்பவும் அவதான எறங்குவா."

பார்தூர் அவள் தோளில் கை வைத்தான். நல்ல மனுஷன். "பரவால்ல ஹெர்டிஸ். இத்தன வருசத்துல ஒரு தடவ. யாருக்கும் தப்பும். உன்னமாதிரி ஆத்தப் பாக்கறவங்க இந்தப் பக்கத்துல யாரு இருக்கா? மனசுல வச்சுக்காத."

செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பு அவள் தோளில் கனத்தது.

"நான் எறங்கல," என்றாள். "இவன்தான் எறங்கினான். மேட்டுலயே நின்னுட்டுத் திரும்பிட்டான். ரெண்டாவதுல காலே வைக்கல. வச்சேன்னு எங்கிட்டச் சொன்னான்."

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தோர்கெல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிண்ணத்தைத் தடவி மேஜையில் வைத்துவிட்டு, குரல் வந்த திசைக்கு ஒரு முழம் தள்ளித் தலையைத் திருப்பினான்.

"பார்தூர், எதிர்ல ஒக்காந்திருக்க உன் மூஞ்சியே எனக்குத் தெரியல," என்றான் மெதுவாக. "என்னையப் போயி யாராவது பனித்தண்ணியில எறக்குவாங்களா?"

இந்தத் தடவை அவன் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டான். அத்தனை முகமும் ஹெர்டிஸ் பக்கம் திரும்பியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்று, அவள் ஆற்றைத் தப்பாகப் பார்த்த பெண். இல்லையென்றால், கண் தெரியாத புருஷனைப் பனி ஆற்றில் இறக்கிவிட்டு வண்டிக்குள் சூடாக உட்கார்ந்திருந்த பெண். மூன்றாவதாக ஒன்றை அவன் அவளுக்கு விட்டு வைக்கவில்லை. முதலாவதை ஒப்புக்கொண்டால் இன்னொரு தடவை தோளில் தட்டுவார்கள், சூப் ஊற்றுவார்கள், விஷயம் அத்தோடு முடியும். வழக்கம்போல அவளே நனைந்துவிட்டு வர, அவன் காய்ந்த காலோடு வீடு போவான்.

"ஆமா," என்றாள் ஹெர்டிஸ். "நான்தான் எறக்கினேன். இருவத்தாறு வருசம் அவன் என்னைய எறக்கினான். இன்னிக்கு ஒரு நாள் நான் அவன எறக்கினேன்."

எவ்வளவு தூரம் போனான், ஏன் திரும்பினான், ஏன் போனதாகச் சொன்னான் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பார்தூர் எழுந்து, கயிறெல்லாம் காய்கிறதா என்று பார்க்க வெளியே போனான். குழுவில் இருந்த பெண் ஒருத்தி, ஹெர்டிஸுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டு போய் தோர்கெல்லின் முழங்காலில் போர்த்திவிட்டாள்.

ஊருக்குக் கதை அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஊர்ப் பொது வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறவர்கள் அவள் படியில் கால் வைத்ததும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். குருட்டுப் புருஷனை ஆற்றில் விட்டவள் என்று அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் அது. தோர்கெல்லும் யாரிடமும் அவளைக் குறை சொல்லவில்லை. பெட்ரோல் பங்க்கில் கேட்டவர்களிடம், "விடுங்கப்பா, அவளும் என்ன பண்ணுவா" என்று சொன்னானாம். அதைக் கேட்டு, எவ்வளவு பெருந்தன்மையான மனுஷன் என்று எல்லோருக்கும் மனம் உருகிப்போயிற்று.

ஜீப் மறுபடி கொட்டகைக்கு வந்தது. இருக்கைக்கு அடியில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் வண்டல். அச்சு ஆயில் மட்டும் திறந்ததும் தேன் மாதிரித் தெளிவாக வந்தது. அவள் போட்ட குழாய்கள் ஒரு சொட்டுத் தண்ணீரை விடவில்லை. தோர்கெல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பண்ணை வேலை குறைந்த சிநேகிதன் ஒருவன் வந்து இஞ்சினைப் பிரித்து மேஜையில் பரப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். வளைந்த பிஸ்டன் தண்டுகளை தோர்கெல்லே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டான். இஞ்சின் பிளாக்கான இரும்புக் கட்டையில் விரிசல் இருக்கிறதா என்பதுதான் பாக்கி. முடி மாதிரி விரிசல் விரலுக்குத் தெரியாது. கண்தான் வேண்டும். விரிசல் இருந்தால் ஜீப் கதை அதோடு முடிந்தது. இல்லையென்றால் இன்னும் இரண்டு குளிர்காலத்தில் ஓடும்.

"ஹெர்டிஸ், கொஞ்சம் வா."

அவள் பேருந்தை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குப் போனாள். டார்ச்சை எடுத்து, கட்டையின் ஒவ்வொரு துளையையும், துளைகளுக்கு நடுவில் இருந்த ஒவ்வொரு இடத்தையும், குனிந்து, மெதுவாக, ஒரு மூலை பாக்கி விடாமல் பார்த்தாள். கோபம் கோபமாக இருந்தாலும் அரைகுறையாகப் பார்க்க அவளுக்கு வராது.

"விரிசல் இல்ல," என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கடைசி வரைக்கும் பாத்தியா? சும்மா மேலாப் பாத்துட்டுச் சொல்லிடாத. அப்புறம் எல்லாத்தையும் பூட்டினதுக்கப்பறம் ஒடஞ்சுதுன்னா அத்தனையும் வீண்."

ஹெர்டிஸ் அவனைப் பார்த்தாள். என்ன கேட்டுவிட்டோம் என்பது இப்போதாவது அவனுக்கு உறைக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கட்டையைத் தடவியபடி, பதிலுக்குக் காத்திருந்தான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் டார்ச்சை அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"நீயே பாத்துக்க," என்றாள்.

சமையலறைக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினாள். ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரிந்தது. டார்ச் வெளிச்சம் கட்டையின் மேல் இங்கும் அங்கும் போய்வந்தது, பிறகு ஒரே இடத்தில் நின்றது. அவன் ஒரு தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டான். இரண்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டது. உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ உட்கார்ந்தாள்.